குத்தகை இயந்திரங்களும் தோட்டக் கம்பனிகளின் கணக்கேடுகளும்

றொசல்ல, வட்டவளை, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலானவை அவற்றை நடத்தும் கம்பனிகளுக்குச் சொந்தமல்ல. நிலமும், அதன்மேல் நிற்கும் பெக்டரிக் கட்டடங்களும், 1992 இல் அந்தக் கட்டடங்களுக்குள் இருந்த இயந்திரங்களும் குத்தகையாக வந்தவை. ஆனாலும் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் இவை சொத்துப் பக்கத்தில் பெறுமதியோடு பதிவாகியுள்ளன. ஆண்டுதோறும் பெறுமானத் தேய்வும் கழிக்கப்பட்டு வந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் அரச நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய குத்தகைப் பொறுப்பு பதியப்பட்டுள்ளது. பிறருக்குச் சொந்தமான பொருளைத் தன் சொத்தாகக் காட்டுவது கணக்கு அறியாதவருக்குப் பிழையாகத் தோன்றலாம். குத்தகைக் கணக்கீட்டின் அடிப்படையே அதுதான். ஒரு பொருளின் பயனை யார் ஆள்கிறார்களோ அவர்களுடைய ஏட்டில் அது ஏற வேண்டும். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணிக்கு உச்சவரம்பு விதித்தது. 1975 ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனிகளின் தோட்டங்களையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. நட்டம் பெருகிய நிலையில் 1992 இல் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு, தோட்டங்கள் அவற்றிடம் கையளிக்கப்பட்டன. வட்டவளைப் பெருந்தோட்டக் கம்பனி அவற்றில் ஒன்று. அதன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் 2017 இல் பிரிக்கப்பட்டு ஹட்டன் பெருந்தோட்டக் கம்பனி உருவானது. குத்தகைக் காலம் 1992 ஜூன் மாதத்திலிருந்து 53 ஆண்டுகள், அதாவது 2045 வரை. ஆண்டுக் குத்தகைப் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்திச் சுருக்கி என்ற விலைச் சுட்டியைப் பின்பற்றி ஆண்டுதோறும் கூடும்.

தொடக்கத்தில் கணக்காளர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. அக்கால நியமங்களின்படி வெறும் நிலத்தின் குத்தகை சாதாரணமாக வாடகைச் செலவாகவே எழுதப்படும். நிலத்துக்கு வாழ்நாள் முடிவு கிடையாது என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆனால் கம்பனிகள் கையேற்றதில் நிலம் ஒரு பகுதி மட்டுமே. முதிர்ந்த தேயிலை, இறப்பர், கட்டடங்கள், இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் அவசர விடயங்களுக்கான செயலணி இதற்கென ஒரு தீர்ப்பு வழங்கியது. அதன்படி, நிலத்தின் குத்தகை உரிமையும் ஏனைய அசையாத் தோட்டச் சொத்துகளும் 1992 ஜூன் 22 ஆம் திகதிக்குரிய பெறுமதியில் கம்பனி ஏடுகளுக்குள் எடுக்கப்பட்டன. நில உரிமை 53 ஆண்டுகளில் கழிக்கப்பட்டது. முதிர்ந்த தேயிலைக்குச் சுமார் 30 ஆண்டு, கட்டடங்களுக்கு 25, இயந்திரங்களுக்கு 15 அல்லது 20 என்று பல கம்பனிகள் காலம் வகுத்தன. உருட்டும் இயந்திரமும் உலர்த்தியும் கணக்கேட்டில் தேய்ந்து பூச்சியமான பின்பும் பல பெக்டரிகளில் ஓடிக்கொண்டிருந்தன. மதிப்பீட்டுக்கும் உண்மையான உழைப்புக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2012 டிசம்பரில் நிறுவகம் நிலப் பயன்பாட்டு உரிமைக்கென ஒரு பரிந்துரைக் கூற்றை வெளியிட்டு, அந்த உரிமையை மீள்மதிப்பிடும் வழக்கத்துக்கும் வரம்பு கட்டியது.

தோட்டக் குத்தகைகளுக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்காவில் 1976 இல் வந்த 13 ஆம் இலக்க நியமமும், சர்வதேச மட்டத்தில் 1982 இல் வெளியான 17 ஆம் இலக்க நியமமும் குத்தகைகளை இரண்டாகப் பிரித்தன. உடைமையின் நன்மையும் ஆபத்தும் ஏறக்குறைய முழுவதும் குத்தகையாளரிடம் போய்ச் சேர்ந்தால் அது நிதிக் குத்தகை. சொத்தும் பொறுப்பும் ஏட்டில் ஏறும். இல்லாவிட்டால் அது தொழிற்பாட்டுக் குத்தகை. ஆண்டு வாடகை மட்டும் செலவாகும், நிதி நிலைமைக் கூற்றில் எதுவும் தெரியாது. இலங்கையில் 19 ஆம் இலக்கக் கணக்கீட்டு நியமமும், 2012 முதல் நடைமுறைக்கு வந்த எல்கேஏஎஸ் 17 என்ற நியமமும் இதே பிரிவினையைத்தான் பின்பற்றின.

பிரிவினை இருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வழி தேடுவார்கள். அமெரிக்க நியமம் பொருளின் ஆயுளில் 75 வீதம், நியாயப் பெறுமதியில் 90 வீதம் என்று எண்களையே எழுதி வைத்திருந்தது. அதனால் 89 வீதத்தில் ஒப்பந்தம் வரைவது ஒரு தனிக் கலையாகிவிட்டது. சர்வதேச நியமத்தில் எண்கள் இல்லாவிட்டாலும் மனப்பாங்கு அதுவே. விமானக் கம்பனிகள் ஓட்டும் விமானங்களில் பெரும்பகுதி அவற்றின் நிதி நிலைமைக் கூற்றில் காணப்படவில்லை. பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் குத்தகைக் கடப்பாடுகள் உலக அளவில் சுமார் 3.3 டிரில்லியன் டொலர் என்றும், அதில் 85 வீதத்துக்கும் மேற்பட்டது கூற்றுக்கு வெளியே கிடந்தது என்றும் சர்வதேசக் கணக்கீட்டு நியமங்கள் சபை மதிப்பிட்டது. அச்சபை 2016 ஜனவரியில் வெளியிட்ட 16 ஆம் இலக்க நிதி அறிக்கையிடல் நியமம், குத்தகையாளரைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினையையே எடுத்துவிட்டது. இலங்கையில் அது எஸ்எல்எப்ஆர்எஸ் 16 என்ற பெயரில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தோட்டக் கம்பனிகள் 1990களில் தயக்கத்தோடு செய்ததை மற்றக் கம்பனிகள் கால் நூற்றாண்டு கழித்துச் செய்யத் தொடங்கின என்று சொன்னால் அது மிகையில்லை.

புதிய நியமத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அளவைப் பற்றியதல்ல. கையில் இருப்பது குத்தகைதானா என்பதே. ஒப்பந்தம் ஓர் அடையாளம் காணப்பட்ட பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதன் பயனில் ஏறக்குறைய எல்லாம் குத்தகையாளருக்குப் போக வேண்டும். அதை எப்படி, எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும். கொழுந்து ஏற்றும் லொறியை வைத்து இதைப் பார்ப்பது எளிது. மலையிலிருந்து பெக்டரிக்குக் கொழுந்து கொண்டுவர ஒரு கம்பனி வெளியாரிடம் மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரர் தன்னிடமுள்ள பத்து லொறியில் எதை வேண்டுமானாலும் தன் வசதிக்கு அனுப்பலாம், மாற்றுவதால் அவருக்கு ஆதாயமும் உண்டு என்றால் அது சேவை. வழக்கம்போல் போக்குவரத்துச் செலவு. இன்ன இலக்க லொறிதான், அது இரவும் பகலும் தோட்டத்திலேயே நிற்கும், எந்த மலைக்கு எப்போது போவது என்பதைத் தோட்டம் சொல்லும் என்றால் அது குத்தகை. சாரதிக்கான கூலி சேவைப் பகுதியாகப் பிரியும். பிரிப்பது சிரமம் என்றால் இரண்டையும் சேர்த்தே குத்தகையாகக் கொள்ள நியமம் இடம் தருகிறது. ஆனால் அப்படிச் செய்தால் பொறுப்பின் தொகை பெருகும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு, தோட்டத் தொழிலில் அதன் விளைவு பெரிது. அதே லொறிக்குப் பணம் கிலோக் கணக்கில் கொடுக்கப்பட்டால், அதாவது ஏற்றிய கொழுந்தின் நிறைக்கு மட்டும் கூலி என்றால், குத்தகை இருந்தும் ஏட்டில் பொறுப்பு ஏறாது. பயன்பாட்டின் அளவைப் பொறுத்து மாறும் கொடுப்பனவுகள் பொறுப்பில் சேர்க்கப்படுவதில்லை. அந்தந்தக் காலத்தில் செலவாகும். மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை ஆயிரம் கிலோவுக்குரிய பணம் எப்படியும் உண்டு என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அந்தக் குறைந்தபட்சத் தொகை உள்ளே வரும். ஆக, இரண்டு தோட்டங்கள் ஒரே பாதையில் ஒரே மாதிரி லொறியை ஓட்டலாம். ஒன்றின் நிதி நிலைமைக் கூற்றில் கடன் தெரியும், மற்றதில் தெரியாது. பழைய நியமத்தின் கோட்டை அழித்தவர்கள் இங்கே இன்னொரு கோட்டை விட்டுவைத்திருக்கிறார்கள் என்ற குறை நியாயமானதே. மழைக்காலத்தில் கொழுந்து குறைந்தால் செலவும் குறையும் என்பதால் கிலோக் கணக்கு உண்மையிலேயே ஆபத்தைப் பகிர்ந்துகொள்கிறது என்பது அதற்கான பதில்.

அளவிடும் முறைக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு போதும். தேயிலைத் தூளிலிருந்து தண்டையும் நாரையும் பிரிக்கும் கலர் சோர்ட்டர் இயந்திரம் ஒன்றை ஒரு பெக்டரி ஐந்து ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுக்கிறது. ஆண்டு முடிவில் ரூபா 3,000,000 வீதம் கட்ட வேண்டும். முடிவில் இயந்திரம் உரியவரிடம் திரும்பிவிடும். வட்டி வீதம் 12. ஐந்து தவணைகளின் இன்றைய பெறுமதி ரூபா 10,814,329. முதல் நாளிலேயே இந்தத் தொகை ஒரு பக்கம் பயன்பாட்டு உரிமைச் சொத்தாகவும் மறுபக்கம் குத்தகைப் பொறுப்பாகவும் எழுதப்படும். குத்தகையைப் பெறக் குத்தகையாளர் செலவிட்ட நேரடிச் செலவு, முற்பணம், பின்னால் அகற்றித் திருப்பிக் கொடுக்கும் செலவின் மதிப்பு ஆகியவை இருந்தால் சொத்தோடு சேரும்.

பிறகு இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குறையும். சொத்து ஐந்து ஆண்டில் சமமாகத் தேயும்: ஆண்டுக்கு ரூபா 2,162,866. பொறுப்பு ஒரு கடனைப் போல நடக்கும். முதலாண்டு வட்டி ரூபா 1,297,719; கட்டிய 3,000,000 இல் மிச்சமான 1,702,281 முதலைக் குறைக்கும். இரண்டாம் ஆண்டு வட்டி 1,093,446 ஆகக் குறையும், ஐந்தாம் ஆண்டில் 321,429 மட்டுமே. எனவே முதலாண்டில் இலாப நட்டக் கூற்றில் விழும் மொத்தச் செலவு ரூபா 3,460,585. கட்டிய வாடகையைவிட ஏறத்தாழ நாலரை இலட்சம் கூட. கடைசி ஆண்டில் அது 2,484,295, கட்டியதைவிடக் குறைவு. ஐந்து ஆண்டையும் கூட்டினால் பழைய முறையிலும் புதிய முறையிலும் செலவு ஒன்றுதான்: 15,000,000. காசில் ஒரு சதமும் மாறவில்லை. ஆனால் முன்னாண்டுகளின் இலாபம் குறைகிறது, பின்னாண்டுகளின் இலாபம் கூடுகிறது.

கணக்கில் எல்லாவற்றையும்விட அதிகம் வாதத்துக்கு உள்ளாவது அந்த 12 வீதம். குத்தகைக்கு விடுபவரின் உட்கிடையான வட்டி வீதம் தெரிந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். பெரும்பாலும் தெரியாது. அப்போது, அதே காலத்துக்கு, அதே மாதிரிப் பிணையோடு, அதே பொருளை வாங்கக் குத்தகையாளர் கடன் எடுத்தால் என்ன வட்டி கேட்பார்களோ அதுவே அளவுகோல். 2022 இல் இலங்கையில் இந்த எண் ஆட்டம் கண்டது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை 7.5 இலிருந்து ஒரே தடவையில் 14.5 ஆக உயர்த்தியது. வணிக வங்கிகளின் கடன் வட்டி அதற்கும் மேலே போனது. மேலே சொன்ன அதே இயந்திரத்தை அதே வாடகைக்கு 25 வீத வட்டியில் கணக்கிட்டால் சொத்தும் பொறுப்பும் ரூபா 8,067,840 மட்டுமே. வட்டி உயர்ந்ததால் கடன் சிறுத்துத் தெரிகிறது. நாடு நெருக்கடியில் இருந்த ஆண்டில் தொடங்கிய குத்தகை, அமைதியான ஆண்டில் தொடங்கியதைவிட இலேசான பாரமாகக் காட்சியளிப்பது இந்த முறையின் விந்தைகளுள் ஒன்று. தொடக்கத்தில் எடுத்த வீதம் ஒப்பந்தம் மாற்றப்படும்வரை பொதுவாக அப்படியே தொடரும். ஆகவே ஒரே கம்பனியின் ஏட்டில் 2021 இன் வீதமும் 2022 இன் வீதமும் அருகருகே கிடக்கும்.

வாகனங்களுக்கு நாட்டில் வழங்கும் லீசிங் முறை சற்று வேறு. 1980 இல் ஜப்பானிய ஓரியன்ட் லீசிங் நிறுவனத்தின் பங்கேற்புடன் தொடங்கிய, இன்று எல்ஓஎல்சி என்று அறியப்படும் கம்பனி இத்தொழிலை இலங்கையில் ஊன்றியது. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் அதை மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. இந்த முறையில் லொறியோ டிராக்டரோ கடைசித் தவணை கட்டியதும் குத்தகையாளர் பெயருக்கே மாறிவிடும். அப்படி உடைமை மாறும் என்றால் தேய்வைத் தவணைக் காலத்துக்குள் முடிக்கக்கூடாது. பொருளின் முழு ஆயுளுக்கும் பரப்ப வேண்டும். நான்கு ஆண்டு லீசிங்கில் எடுத்த லொறி எட்டு ஆண்டு ஓடும் என்று மதிப்பிட்டால், பொறுப்பு நான்கில் தீரும், சொத்து எட்டில் தீரும். வட்டவளைப் பக்கத்து மழையும் தோட்டத்துப் பாதைகளும் எட்டு ஆண்டை ஒத்துக்கொள்ளுமா என்பதைக் கொழும்பிலிருக்கும் கணக்காளரைவிடத் தோட்டத்து மெக்கானிக் நன்றாகச் சொல்வார்.

சில குத்தகைகள் வெளியே நிற்கலாம். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாதவை, அவற்றில் வாங்கும் தெரிவு இல்லாவிட்டால், வாடகைச் செலவாகவே போகலாம். சிறு பெறுமதிப் பொருள்களுக்கும் அதே சலுகை. புதிதாக இருக்கும்போது சுமார் 5,000 டொலருக்கு உட்பட்டவை என்பதே நியமத்தை வரைந்தவர்கள் மனதில் வைத்திருந்த அளவு. கவாத்து வெட்டும் கை இயந்திரங்கள், கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசுகள், அலுவலகக் கணினிகள் இதில் அடங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதால், நூறு தராசு எடுத்தாலும் சலுகை போய்விடாது. பழைய லொறி மலிவாகக் கிடைத்தாலும் சலுகை கிடைக்காது. புதிதாக இருந்தபோது என்ன விலை என்பதே கணக்கு.

ஏட்டில் ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. கொடுப்பனவு ஒரு விலைச் சுட்டியோடு கட்டப்பட்டிருந்தால், எதிர்காலச் சுட்டி என்னவாகும் என்று தொடக்கத்தில் ஊகிப்பதில்லை. அன்றைய அளவே நிலைக்கும் என்று கொள்வார்கள். சுட்டி மாறித் தவணை உயரும் ஒவ்வொரு தடவையும் மீதிப் பொறுப்பைப் பழைய வட்டி வீதத்திலேயே மீளக் கணித்து, வித்தியாசத்தைச் சொத்தோடு சேர்ப்பார்கள். அரச தோட்டக் குத்தகை உள்நாட்டு உற்பத்திச் சுருக்கியைப் பின்பற்றுவதால் இந்த விதி பெருந்தோட்டக் கம்பனிகளை நேராகத் தாக்குகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அப்படியான ஆண்டின் விலையேற்றம் ஒரு வருடத்து வாடகையோடு நின்றுவிடுவதில்லை. 2045 வரையிலான எல்லாத் தவணைகளையும் தூக்கிவிடுகிறது. பழைய முறையில் அந்த உயர்வு அந்தந்த ஆண்டுச் செலவாக மட்டும் போயிருக்கும்.

2045 என்ற ஆண்டு இன்னொரு வகையிலும் குறுக்கே நிற்கிறது. குத்தகை நிலத்தில் நிற்கும் பெக்டரிக்குள் கம்பனி தன் காசில் பொருத்தும் நிலையான கட்டுமானத்துக்கு, நிலக் குத்தகை நீடிக்கப்படும் என்ற நியாயமான உறுதி இல்லாவிட்டால், அந்த ஆண்டைத் தாண்டி ஆயுள் கொடுப்பது கடினம். கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய இயந்திரத்துக்கு அந்தத் தடை இல்லை. மறுநடுகைக்கும் பெக்டரி புதுப்பிப்புக்கும் முதலிடத் தயங்கும் கம்பனிகளின் கணக்கில் இந்தத் தேதி மறைமுகமாக வேலை செய்கிறது.

வங்கியாளரின் கண்ணுக்குப் படுபவை வேறு. பொறுப்பு ஏறியதால் கடன்-உரிமையாண்மை விகிதம் மோசமாகும்; கடன் ஒப்பந்தத்தில் அந்த விகிதத்துக்கு எல்லை இருந்தால் புதிய கடன் எதுவும் எடுக்காமலேயே எல்லை மீறப்படலாம். மறுபக்கம், வட்டி, வரி, தேய்வு ஆகியவற்றுக்கு முந்திய இலாபம் கூடும். முன்பு அதற்கு மேலே கழிக்கப்பட்ட வாடகை இப்போது தேய்வாகவும் வட்டியாகவும் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. காசோட்டக் கூற்றிலும் இடமாற்றம் உண்டு: முதலைக் குறைக்கும் பகுதி தொழிற்பாட்டிலிருந்து நிதியிடலுக்குப் போவதால், தொழிலிலிருந்து வரும் காசு கூடியதுபோல் தெரியும். 2018 ஆம் ஆண்டறிக்கையையும் 2019 ஆம் ஆண்டறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர் இதைக் கவனிக்காவிட்டால், தோட்டம் திடீரெனச் செழித்துவிட்டதாக நினைத்துவிடுவார். 2023 ஜனவரி முதல், சொத்துக்கும் பொறுப்புக்கும் தனித்தனியே பிற்போடப்பட்ட வரியைப் பதிய வேண்டும் என்ற திருத்தமும் சேர்ந்துகொண்டது.

இவ்வளவும் முழு நியமங்களைப் பின்பற்றும் கம்பனிகளுக்கு. சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கித் தூளாக்கும் தனியார் பெக்டரிகளில் பல, சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எல்எப்ஆர்எஸ் நியமத்தின்கீழ் வருகின்றன. அதன் 20 ஆம் பிரிவில் நிதிக் குத்தகை, தொழிற்பாட்டுக் குத்தகை என்ற பழைய பிரிவினை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு மூலமான சர்வதேச நியமத்தின் மூன்றாம் பதிப்பு 2025 பெப்ரவரியில் வெளியானபோதும், 16 ஆம் இலக்க நியமத்தின் முறை அதற்குள் கொண்டுவரப்படவில்லை. செலவுக்கேற்ற பயன் சிறு நிறுவனங்களுக்குக் கிடைக்குமா என்ற ஐயமே காரணம். எனவே ஒரே இயந்திரத்தை ஒரே ஐந்து ஆண்டுக்கு எடுத்த இரண்டு பெக்டரிகளில், தோட்டக் கம்பனியின் கூற்றில் ரூபா 10,814,329 சொத்தாகவும் கடனாகவும் தெரியும். தனியார் பெக்டரியின் கூற்றில், ஒப்பந்தம் தொழிற்பாட்டுக் குத்தகையாக வகைப்பட்டால், ஆண்டுக்கு மூன்று மில்லியன் வாடகையும், இனிக் கட்ட வேண்டிய தவணைகளைப் பற்றிய ஒரு குறிப்பும் மட்டுமே தெரியும்.